ராஜினாமாக் கடிதங்கள் சொன்னது என்ன? ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் 2016இல் எழுந்த பி.எஃப். பதற்றம்: நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

ஓசூர் வட்டாரத்தில் இயங்கும் ஏற்றுமதி ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் 2016 பிப்ரவரி முதல் ஜூன் வரை நடந்தவற்றை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அடுத்த ஆண்டு அங்குள்ள மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி நடத்தும் பொறுப்பு எனக்குக் கிடைத்தபோது, ராஜினாமாப் பதிவேட்டையும் சுற்றறிக்கைக் கோப்பையும் பார்க்கவும், அந்த நாட்களில் பணியில் இருந்த அலுவலர்களிடமும் தையல் தொழிலாளர்களிடமும் விரிவாகப் பேசவும் வாய்ப்பு அமைந்தது. நிறுவனத்தின் பெயரும் அங்குள்ளோர் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. மனிதவள மேலாண்மையில் தகவல் தொடர்பு என்றாலே நிர்வாகம் எப்படிச் சொல்ல வேண்டும் என்ற கேள்வியைத்தான் பெரும்பாலான பயிற்சிகள் எடுத்துக்கொள்கின்றன. தொழிலாளர்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதை நிர்வாகம் எந்த ஏட்டில் படிக்கத் தவறுகிறது என்ற கேள்விக்கு இந்த நிகழ்வு இடம் தருகிறது. எழுதத் துணிந்ததற்கு அதுவே காரணம்.

பின்னணி

தொழிற்சாலையில் பணிபுரிந்தோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கெலமங்கலம், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, பாகலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நிறுவனப் பேருந்துகளில் வந்து போனார்கள். அந்த வட்டாரத்தின் இயல்புப்படி ஒரே லைனில் (தையல் வரிசையில்) தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று தாய்மொழிக்காரர்கள் அருகருகே அமர்ந்து தைத்தார்கள். விடுதியில் தங்கியிருந்த ஒடிசாப் பெண்கள் சிறு பிரிவாக இருந்தார்கள். தொழிற்சங்கம் இல்லை. அப்போதைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 9சி பிரிவு கேட்ட குறைதீர்க்கும் குழு காகிதத்தில் இருந்தது. அதன் தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களை நிர்வாகமே நியமித்திருந்ததால், குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதே லைனில் பலருக்குத் தெரியாது.

இந்தத் தொழிலில் பி.எஃப். (சம்பளத்தில் பிடித்து, முதலாளியின் பங்கோடு சேர்த்து வைக்கும் வருங்கால வைப்பு நிதி) பணத்திற்கு இருக்கும் இடத்தைப் புரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு படிப்பதில் பயனில்லை. வேலைக்குச் சேரும் பெண் நான்கைந்து ஆண்டுகள் தைப்பாள், பிறகு நின்றுவிடுவாள், நின்றதும் கணக்கை முடித்துப் பணத்தை எடுப்பாள். தங்கையின் திருமணம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வட்டிக்கு வாங்கிய கடன், வீட்டுக்குக் கூரை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்கு அந்தத் தொகை முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டிருக்கும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்க வழியில்லாத குடும்பத்தில், கைக்கு வராமலே சேரும் ஒரே சேமிப்பு அதுதான். சட்டம் அதை முதுமைக்கால நிதியாகக் கருதுகிறது. உழைப்பவளின் கணக்கில் அது அடுத்த சில ஆண்டுகளுக்கான பணம்.

2016 பிப்ரவரி 10 அன்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் திருத்தம் செய்து அறிவிக்கை வெளியிட்டது. அதுவரை வேலையை விட்டவர் இரண்டு மாதம் வேலையின்றி இருந்தால் முழுத் தொகையையும் எடுக்கலாம். திருத்தத்தின்படி அவர் தம் பங்கையும் அதன் வட்டியையும் மட்டுமே எடுக்க முடியும். முதலாளி செலுத்திய பங்கு 58 வயது வரை கணக்கிலேயே இருக்கும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் நடு வரை கண்டவை

அறிவிக்கையின் நகல் சட்ட ஆலோசகரிடமிருந்து மின்னஞ்சலில் வந்தது. மனிதவளப் பிரிவு அதை ஆங்கிலத்திலேயே அச்செடுத்து, டைம் ஆபீஸ் (வருகைப் பதிவு அலுவலகம்) பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிக் கோப்பில் குறிப்பு எழுதியது. அரசு விதி, அரசு பணம், நமக்கு இதில் செய்ய எதுவும் இல்லை என்பதே அப்போதைய எண்ணம் என்று அந்தப் பிரிவின் அலுவலர் என்னிடம் சொன்னார். பலகையில் ஒட்டிய நாள் கோப்பில் இருக்கிறது. அதை யாரேனும் படித்தார்களா என்று பார்த்ததற்கான குறிப்பு எதுவும் இல்லை.

அந்த இடைவெளியில் வேறு செய்திகள் நுழைந்தன. பிப்ரவரி 29 அன்று தாக்கலான மத்திய பட்ஜெட்டில், பி.எஃப். தொகையை எடுக்கும்போது அதில் 60 சதவீதத்திற்கு வரி விதிக்கும் யோசனை இருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் மார்ச் 8 அன்று நிதியமைச்சர் அருண் ஜெட்லி அதைத் திரும்பப் பெற்றார். தொலைக்காட்சியில் வந்த இந்த விவாதமும் பிப்ரவரி அறிவிக்கையும் லைனில் ஒன்றாகக் கலந்தன. அறிவிக்கையின் அமலாக்கம் ஏப்ரல் 30 வரை நிறுத்தி வைக்கப்பட்டது என்ற தகவல், "ஏப்ரல் முப்பதுக்குள்ள எடுத்தாத்தான் உண்டு, இல்லேன்னா அறுபது வயசுக்குத்தான்" என்ற வடிவில் பேருந்துகளில் பரவியது. இப்படித் திரிந்ததற்குத் தொழிலாளர்களைக் குறை சொல்ல இடமில்லை. தெளிவாகச் சொல்ல வேண்டியவர்கள் பேசாதிருந்தபோது, கிடைத்த துண்டுகளை வைத்து அவர்களே ஒரு முழுச் செய்தியைக் கட்டிக்கொண்டார்கள்.

மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து ராஜினாமாக்கள் கூடின. பதிவேட்டில் காரணப் பத்தியில் "திருமணம்" என்ற சொல் அடுத்தடுத்து வருகிறது. மனிதவளப் பிரிவு இதைக் கண்டது, ஆனால் வழக்கமான முகூர்த்தக் காலப் போக்காக எடுத்துக்கொண்டது. உண்மையில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு விதி இருந்தது. திருமணத்திற்காக வேலையை விடும் பெண் உறுப்பினருக்கு அப்போது இரண்டு மாதக் காத்திருப்பு பொருந்தவில்லை. ஏப்ரல் 30 என்ற கெடுவை நம்பியவருக்கு அதற்குள் பணம் எடுக்க இருந்த ஒரே வழி அதுதான். ஏற்கெனவே மணமான சிலரும் அதே காரணத்தை எழுதியிருந்ததைப் பதிவேட்டையும் பணியாளர் கோப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எளிதில் கண்டிருக்கலாம். விலகுவோரிடம் பேசும் நடைமுறை இருக்கவே செய்தது. ஆனால் அந்த உரையாடலை நடத்தியது டைம் ஆபீஸ் எழுத்தர், அதுவும் வரிசையில் பத்துப் பேர் காத்திருக்கும் சாளரத்தின் வழியே. அங்கே எந்தப் பெண்ணும் உண்மைக் காரணத்தைச் சொல்லமாட்டாள்.

இந்த ஐந்து வாரங்களே நிகழ்வின் மையம் என்பது என் கருத்து. பின்னால் வந்த ஏப்ரல் 18, 19 ஆகிய நாட்கள்தான் எல்லோர் நினைவிலும் இருக்கின்றன. ஆனால் தொழிலாளர்கள் தங்கள் அச்சத்தை நிர்வாகத்திடம் எழுத்தில், கையொப்பத்தோடு, நாள்தோறும் தெரிவித்த காலம் இதுவே.

ஏப்ரல் 18 இரவு எடுத்த முடிவுகள்

ஏப்ரல் 18, திங்கட்கிழமை, பெங்களூருவின் பொம்மனஹள்ளிப் பகுதியில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் பிப்ரவரி அறிவிக்கையை எதிர்த்து வேலையை நிறுத்திவிட்டு ஓசூர் சாலையை மறித்தார்கள். எந்தச் சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. பெரும்பாலும் பெண்கள், தாமாகவே வெளியே வந்தார்கள். மறுநாள் அது பீன்யா, ஜாலஹள்ளி, ஹெப்பகோடி என்று பரவியது. ஹெப்பகோடி காவல் நிலையம் தாக்கப்பட்டது, பேருந்துகள் எரிக்கப்பட்டன, காவல் துறை தடியடி நடத்திக் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது.

18ஆம் தேதி இரவு பொது மேலாளர், மனிதவளத் தலைவர், நலத்துறை அலுவலரான ஒரு பெண், உற்பத்தி மேலாளர் ஆகிய நால்வரும் கூடினார்கள். மறுநாள் விடுமுறை அறிவித்துவிடலாம் என்பது பொது மேலாளரின் முதல் யோசனை. மனிதவளத் தலைவர் அதை ஏற்கவில்லை. விடுமுறை விட்டால் அத்தனை பேரும் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார்கள், சாலை மறியல் காட்சிதான் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே தகவலாக இருக்கும், தொழிற்சாலைக்கு வந்தால் கேள்வி கேட்கவாவது ஒரு முகம் எதிரில் இருக்கும் என்று அவர் வாதிட்டார். பேருந்துகள் எல்லாமே தமிழகப் பக்கத்துக் கிராமங்களுக்குள் ஓடுபவை என்பதால் பாதுகாப்புக் கவலை குறைவு என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டது.

எல்லோரையும் முற்றத்தில் கூட்டி ஒலிபெருக்கியில் பேசலாம் என்று உற்பத்தி மேலாளர் கூறினார். நலத்துறை அலுவலர் மறுத்தார். பெருங்கூட்டத்தில் கேள்வி எழாது, முழக்கமே எழும் என்பதும், கேள்வியைக் கேட்காமல் பதில் சொல்வதில் பொருளில்லை என்பதும் அவர் சொன்ன காரணங்கள். லைன் லைனாக, ஏறத்தாழ முப்பது நாற்பது பேராக அமர வைத்துப் பேசுவதென்றும், அந்த நேரத்திற்கு டார்கெட்டும் (உற்பத்தி இலக்கும்) சம்பளப் பிடித்தமும் இல்லையென்றும் முடிவாயிற்று.

யார் பேசுவது என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. வழக்கப்படி சூப்பர்வைசர்கள் பேசியிருக்க வேண்டும். ஆனால் நாள் முழுவதும் உற்பத்தி எண்ணிக்கைக்காகக் குரல் உயர்த்துபவர் பணத்தைப் பற்றிச் சொன்னால் நம்பிக்கை வராது என்று நலத்துறை அலுவலர் எடுத்துக்காட்டினார். முன்பு ஒருமுறை வேலையை விட்டுப் பி.எஃப். எடுத்து, மறுபடி சேர்ந்த மூத்த டெய்லர்கள் சிலர் இருந்தார்கள். லைனில் எல்லோரும் அக்கா என்று அழைப்பவர்கள், படிவம் நிரப்பிய அனுபவம் உள்ளவர்கள். அவர்களில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோரைத் தேர்ந்து, காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக அழைத்து விவரத்தைச் சொல்லி, அலுவலரோடு சேர்ந்து அவர்களும் பேசுவது என்று ஏற்பாடு செய்தார்கள். சூப்பர்வைசர்களுக்கும் அதே நேரத்தில் அதே தகவல் தரப்பட்டது. தம் லைனுக்குத் தெரிந்தது தமக்குத் தெரியாது என்ற நிலை அவர்களை எதிராளிகளாக்கியிருக்கும்.

ஏப்ரல் 19

காலைப் பேருந்துகள் வந்ததும் பெண்கள் உள்ளே போகாமல் வாசலில் நின்றார்கள். நலத்துறை அலுவலர் வாசலுக்கே சென்று, வேலையைத் தொடங்கச் சொல்லவில்லை, பி.எஃப். பற்றிப் பேச உட்காரலாம் என்று மட்டும் சொன்னார். சில நிமிடத் தயக்கத்திற்குப் பின் முதல் பிரிவு உணவுக்கூடத்திற்குள் வந்தது.

கரும்பலகையில் ஒரு கணக்குப் போடப்பட்டது. பி.எஃப். பிடிக்கும் சம்பளம் 7,000 ரூபாய் என்றால் தொழிலாளியின் 12 சதவீதப் பங்கு 840 ரூபாய். முதலாளியின் 12 சதவீதமும் 840 ரூபாய்தான், ஆனால் அதில் 8.33 சதவீதமாகிய 583 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்திற்குப் போய்விடுகிறது, மீதி 3.67 சதவீதமாகிய 257 ரூபாய்தான் பி.எஃப். கணக்கில் சேர்கிறது. பிப்ரவரி அறிவிக்கை தடுத்து வைப்பது இந்த 257 ரூபாயை. 840 ரூபாயை எடுக்கத் தடையில்லை, பத்தாண்டு நிறைவதற்குள் விலகுவோர் ஓய்வூதியப் பங்கைத் தனிப் படிவத்தில் கேட்கும் வழியும் இருக்கிறது. முழுப் பணமும் போய்விடும் என்ற அச்சம் அந்தப் பலகை முன் தணிந்தது என்று பலர் என்னிடம் சொன்னார்கள். தங்கள் சம்பளச் சீட்டில் உள்ள பிடித்தத்தின் பொருளை அன்றுதான் முதன்முறையாக அறிந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. இது எனக்கு மிகுந்த வருத்தம் தந்த தகவல். பல ஆண்டுகளாக மாதந்தோறும் கையில் வாங்கிய சீட்டு அது.

அச்சம் தணிந்த இடத்தில் கோபம் எழுந்தது, அது நியாயமான கோபம். "எங்க பேருல போட்ட காசு, மாசம் இருநூத்தம்பதுன்னாலும் எங்க காசுதானே மேடம், அதை எதுக்கு அம்பத்தெட்டு வயசு வரைக்கும் வெச்சிருக்கணும்?" என்று ஒரு பெண் கேட்டார். விதியை நியாயப்படுத்தி ஒரு விளக்கம் தர நலத்துறை அலுவலருக்கு வாய்ப்பு இருந்தது, முதுமைக்கால நிதி என்ற வாதம் கைவசம் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. கேள்வி சரியானது, இந்த விதியை நிறுவனம் போடவில்லை, ஆனால் உங்கள் ஆட்சேபத்தை எழுதி ஏற்றுமதியாளர் சங்கத்தின் மூலம் அனுப்ப முடியும் என்றார். அங்கேயே எழுதி, விரும்பியவர்கள் கையொப்பமிட்டார்கள். அன்றைய நாளின் திருப்பம் இந்தப் பதில்தான் என்று கருதுகிறேன். கரும்பலகைக் கணக்கு அச்சத்தைப் போக்கியது உண்மை. ஆனால் தவறான விதியைத் தெளிவாக விளக்கிவிட்டால் அது சரியான விதி ஆகிவிடாது. அதை ஒப்புக்கொள்ளாத அலுவலரை அந்தக் கூடம் நம்பியிருக்காது.

அரசு அடுத்து என்ன செய்யும் என்ற கேள்விக்குத் தெரியாது என்றே எல்லாப் பிரிவுகளிலும் சொல்லப்பட்டது. அமலாக்கம் ஜூலை 31 வரை தள்ளிப்போயிருக்கிறது என்ற முந்தைய நாள் செய்தி மட்டும் பகிரப்பட்டது. பிற்பகலில் பெரும்பாலான லைன்கள் ஓடத் தொடங்கின. மாலையில், மத்தியத் தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா பிப்ரவரி 10 அறிவிக்கையே திரும்பப் பெறப்படுவதாக அறிவித்த செய்தி வந்தது. பேருந்துகள் கிளம்புமுன் அதே மூத்த டெய்லர்கள் ஒவ்வொரு பேருந்திலும் ஏறி அதைச் சொன்னார்கள்.

தொடர்ந்து நிகழ்ந்தவை

மறுநாள் வருகை ஏறக்குறைய இயல்பாக இருந்தது. பரிசீலனையில் இருந்த ராஜினாமாக் கடிதங்களை உடனே முடிக்காமல், எழுதியவர் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து இன்னும் விலக விருப்பமா என்று கேட்டார்கள். பலர் திரும்பப் பெற்றார்கள்.

மார்ச்சிலும் ஏப்ரல் முற்பகுதியிலும் கணக்கு முடித்துப் போனவர்களின் நிலை வேறு. அவர்களில் சிலர் மே, ஜூன் மாதங்களில் மீண்டும் வேலை கேட்டு வந்தார்கள். அனுபவம் உள்ளவர்கள் என்பதால் உடனே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள், ஆனால் புதிய பணியாளர்களாக. இவர்களில் ஒருவர் நான்கு ஆண்டும் மூன்று மாதமும் பணி செய்து விலகியவர். வேலையை விடும்போது முதலாளி தரும் பணிக்கொடைக்கு, அப்போதைய பணிக்கொடைச் சட்டம் 5 ஆண்டுத் தொடர்பணி கேட்டது. இன்னும் ஒன்பது மாதம் இருந்திருந்தால், 7,000 ரூபாய்ச் சம்பளத்திற்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் என்ற கணக்கில் சுமார் 20,000 ரூபாய்க்கு உரிமை பெற்றிருப்பார். அறிவிக்கை நடைமுறைக்கு வந்திருந்தால் அவர் கணக்கில் தங்கியிருக்கக்கூடிய முதலாளிப் பங்கு, அதே சம்பளத்தை நிலையாகக் கொண்டால், வட்டி நீங்கலாகச் சுமார் 13,100 ரூபாய். அதுவும் அழிந்துபோகும் பணம் அன்று, வட்டியோடு தங்கும் பணம். ஐந்தாண்டு நிறையாமல் எடுத்ததால் வருமான வரிப் பிடித்தத்திற்கும் அவர் ஆளானார். அப்போது 30,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு அது பொருந்தியது, பான் அட்டை இல்லாதவர்களிடம் அதிக விகிதத்தில் பிடிக்கப்பட்டது.

பிப்ரவரி 10க்குப் பின் விலகி ஜூன் இறுதிக்குள் திரும்பியவர்களின் பழைய பணிக்காலத்தைத் தொடர்பணியாகவே கொள்ளலாம் என்று மனிதவளத் தலைவர் எழுத்து மூலம் பரிந்துரைத்தார். சட்டம் தருவதைவிட மேலான பலனை முதலாளி தருவதற்குத் தடையேதும் இல்லை. நிர்வாகம், பி.எஃப். கணக்கை முடிக்காதவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகையை ஒப்புக்கொண்டது. நான்கே கால் ஆண்டு பணி செய்த பெண் அந்த வரையறைக்குள் வரவில்லை. நிறுவனத்தின் மௌனத்திற்கு விலை கொடுத்தவருக்கே ஈடு மறுக்கப்பட்ட இந்த முடிவை நான் ஏற்கவில்லை, பயிற்சியின்போதும் அதைத் தெரிவித்தேன்.

மாற்றிய நடைமுறைகளும் மாறாதவையும்

ஜூலை முதல் சம்பளச் சீட்டு தமிழிலும் அச்சிடப்பட்டது. மாதம் ஒருமுறை உணவு இடைவேளையில் பி.எஃப். மேசை போடப்பட்டு, யு.ஏ.என். எனப்படும் பி.எஃப். உறுப்பினர் எண்ணைச் செயல்படுத்துவது, கைபேசியில் இருப்புத் தொகை பார்ப்பது, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் இணைப்பது ஆகியவற்றுக்கு உதவி தரப்பட்டது. விலகுவோரிடம் பேசும் பொறுப்பு டைம் ஆபீஸிலிருந்து நலத்துறைக்கு மாறியது. பேச்சு தனி அறையில், உட்கார வைத்து நடந்தது. ராஜினாமாக் காரணங்களை வாரந்தோறும் தொகுத்துப் பொது மேலாளரிடம் கொடுக்கும் பழக்கம் வந்தது. என் பார்வையில் இவற்றுள் கடைசியாகச் சொன்னதற்கே மதிப்பு அதிகம். ஒரே காரணம் திடீரெனப் பெருகினால் அதை மேலிடத்தில் ஒருவர் கண்டு கேள்வி கேட்க வேண்டிய கட்டாயம் அதனால் உண்டாகிறது. குறைதீர்க்கும் குழுவின் தொழிலாளர் உறுப்பினர்களை லைன்வாரியாகத் தேர்ந்தெடுக்கும் முறையும் அந்த ஆண்டிலேயே தொடங்கியது.

இரண்டு குறைகள் அப்படியே இருந்தன. விடுதியில் இருந்த ஒடிசாப் பெண்களுக்கு ஏப்ரல் 19 அன்று அவர்கள் மொழியில் யாரும் பேசவில்லை. மற்றவர்கள் அமைதியானதைப் பார்த்து அவர்களும் அமைதியானார்கள் என்றே அலுவலர்கள் சொன்னார்கள். ஒடிய மொழி பேசும் ஒருவரை நலத்துறையில் நியமிக்க வேண்டும் என்ற பரிந்துரை நான் சென்றபோதும் நிலுவையில் இருந்தது. டார்கெட் பற்றிய பேச்சும் மாறவில்லை. பி.எஃப். விவகாரத்தில் கேள்வி கேட்க இடம் கொடுத்த அதே நிர்வாகம், உற்பத்தி எண்ணிக்கை விவகாரத்தில் அந்த இடத்தைத் தரவில்லை.

புதிய நடைமுறைக்கான முதல் சோதனை 2017 ஜனவரியில் வந்தது. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சம்பள வரம்பு 15,000 ரூபாயிலிருந்து 21,000 ரூபாயாக உயர்ந்ததால், அதுவரை வெளியே இருந்த சூப்பர்வைசர்கள் பலருக்கு 1.75 சதவீதப் பிடித்தம் புதிதாகத் தொடங்கியது. இம்முறை டிசம்பரிலேயே அவர்களை உட்கார வைத்து, எவ்வளவு பிடிப்பார்கள், அதற்கு என்ன கிடைக்கும், குடும்பத்தில் யார் யாரைச் சேர்க்கலாம் என்று விளக்கினார்கள். ஜனவரிச் சம்பளச் சீட்டு வந்தபோது முறையீடுகள் வந்தன. அவை பிடித்தத்தைப் பற்றியவை அல்ல. மருந்தகம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அங்கே போய்வர அரை நாள் அனுமதி கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். அந்த அனுமதி பற்றிய பேச்சுவார்த்தை, புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குறைதீர்க்கும் குழுவின் முதல் கூட்டப் பொருளாகப் பதிவாகியிருக்கிறது.